கையெழுத்து இங்கே, கால் அங்கே

என் முதல் வேலைக்கு நான் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுத்தான் சேர்ந்தேன். 2004, சென்னை. இரண்டு வருடத்துக்கு வேலையை விடமாட்டேன், விட்டால் ஒரு லட்சம் ரூபாய் கட்டுவேன் என்று அதில் இருந்தது. ஜாமீன் கையெழுத்து அப்பாவுடையது. பாரிமுனையில் ஒரு நோட்டரியின் மேசை முன்னால், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஆறு பக்கத்தையும் அவர் முழுக்கப் படித்தார். படித்துவிட்டு, "ஒரு லட்சத்துக்கு நான் எங்கடா போவேன்?" என்றார். பிறகு போட்டுவிட்டார். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிகிரி சர்ட்டிஃபிகேட் எல்லாவற்றின் அசலையும் நிறுவனம் வாங்கி வைத்துக்கொண்டது. "எங்ககிட்ட சேஃபா இருக்கும் சார்" என்றார் எச்.ஆர். பெண்மணி.

2026 ஜனவரியில் அந்தத் தாளை எனக்கு ஞாபகப்படுத்தியது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால். அந்த ஆட்டம் எனக்கு இன்னும் பாதிதான் புரியும். நாங்கள் இருப்பது வட கரோலினாவில், டர்ஹமிலிருந்து இருபது நிமிடத் தூரம். டர்ஹமில் இருக்கும் டியூக் பல்கலைக்கழகம் தன்னுடைய குவாட்டர்பேக் மீதே, அதாவது அணியின் தாக்குதலை நடத்தும் முக்கிய ஆட்டக்காரர் மீதே, வழக்குப் போட்டுவிட்டது என்று பத்தாவது படிக்கும் என் மகன் வந்து சொன்னான். ஆட்டக்காரர் டேரியன் மென்சா. அவர் தலைமையில்தான் டியூக் முந்தைய மாதம் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி லீக்கின் கோப்பையை வென்றிருந்தது. 2025 ஜூலையில் கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். 2026 டிசம்பர் வரை செல்லும். இரண்டு வருடத்துக்கு 80 லட்சம் டாலர் என்பது பத்திரிகைகள் சொன்ன கணக்கு. பாதி வழியில் வேறு கல்லூரிக்குப் போகிறேன் என்றார்.

"காசு வாங்கிட்டு ஓடுறான்பா. ஏமாத்துறான்ல?" என்றான் மகன்.

நான் பதில் சொல்லவில்லை. பதினான்கு மாதத்தில் பாண்டை உடைத்துக்கொண்டு ஓடியவனிடம் கேட்கிற கேள்வியா இது?

கல்லூரி மாணவனுக்கு 80 லட்சம் டாலரா என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 2021 ஜூலை வரை அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் உதவித்தொகைக்கு மேல் சம்பாதிக்கக் கூடாது. அந்த ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் சங்கமான என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அது படிப்புச் சார்ந்த சலுகைகள் பற்றிய தீர்ப்புதான் என்றாலும் சங்கத்துக்குத் துணிச்சல் போய்விட்டது. பத்து நாளில் 'பெயர், உருவம், சாயல்' ஆகியவற்றை விற்றுக் காசு பார்க்கலாம் என்று கதவைத் திறந்தார்கள். என்.ஐ.எல். என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். பணக்கார ரசிகர்கள் சேர்ந்து 'கலெக்டிவ்' என்ற பெயரில் குழுக்கள் அமைத்து ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். 2025 ஜூன் 6 அன்று ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்டிருந்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றதும், அந்த ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகக் கொடுக்கலாம் என்றானது. முதல் ஆண்டு உச்சவரம்பு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர்.

இன்னொரு பக்கம், கல்லூரி மாறுவதற்கு இருந்த வேலியும் சரிந்தது. முன்பெல்லாம் மாறினால் ஒரு வருடம் களத்துக்கு வெளியே உட்கார வேண்டும். முதலில் ஒரு தடவை மட்டும் விலக்கு என்றார்கள். 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி இரண்டாம் தடவைக்கான தடையையும் நிறுத்தி வைத்தார். 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று என்.சி.ஏ.ஏ.வே விதியைத் திருத்திக்கொண்டது. ஆக, பணம் வந்தது, பூட்டு போனது, இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். பூட்டை ஒப்பந்தத்தால் மறுபடி போட முடியுமா என்பதுதான் இப்போது கல்லூரி வக்கீல்களின் தலைவலி.

நான் வக்கீல் இல்லை. ஆனால் மகன் கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால் இரண்டு வாரம் இரவுகளில் உட்கார்ந்து படித்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு வேடிக்கை. இந்த ஒப்பந்தங்கள் எவற்றிலும் 'ஆடுவதற்குப் பணம்' என்று இருக்காது. ஆட்டக்காரர் கல்லூரியின் ஊழியர் அல்ல என்பது கல்லூரிகள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றும் நிலைப்பாடு. ஊழியர் என்று ஒப்புக்கொண்டால் கூலிச் சட்டம், காயத்துக்கு இழப்பீடு, தொழிற்சங்கம் என்று எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். டார்ட்மவுத் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் 13–2 என்று தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தபோது கல்லூரி பட்ட பதற்றம் கொஞ்சமல்ல. (அந்த ஆண்டு முடிவில் மனுவே திரும்பப் பெறப்பட்டுவிட்டது.) அதனால் தாளில் எழுதுவது இப்படி: உன் பெயரையும் முகத்தையும் நாங்கள் பயன்படுத்த உரிமம் தருகிறாய், அதற்கு இந்தப் பணம்.

சரி, முகத்துக்குத்தான் வாடகை என்றால், கால் வேறு ஊருக்குப் போனால் உங்களுக்கென்ன?

டியூக் இதற்கு வைத்திருந்த பதில் சாமர்த்தியமானது. கல்லூரி ஃபுட்பால் ஆட்டக்காரர் என்ற வகையில் மென்சாவின் பெயர், உருவ உரிமை முழுவதும் 2026 முடிகிற வரை எங்களுடையது. வேறு கல்லூரியில் சேர்ந்து ஆடினால் அந்தக் கல்லூரி அவர் முகத்தைத் தன் சீருடையில் காட்டாமல் இருக்க முடியாது. ஆகவே ஆடுவதே எங்கள் உரிமையை மீறுவது. வீட்டை வாடகைக்கு விட்டவன் தன் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது என்பது போல எனக்குப் பட்டது. டர்ஹம் நீதிமன்றம் பாதிக் கிணறு தாண்டியது. டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில், அதாவது கல்லூரி மாற விரும்புகிறவர்களின் பதிவேட்டில், பெயர் போடுவதைத் தடுக்கவில்லை. ஆனால் அடுத்த விசாரணை வரை வேறு கல்லூரியில் சேரக் கூடாது என்றது. ஒரு வாரத்துக்குள் சமரசம். என்ன கொடுத்தார்கள், என்ன வாங்கினார்கள் என்பது வெளியே வரவில்லை. மென்சா மயாமிக்குப் போய்விட்டார்.

இந்தத் தகராறு நேற்று முளைத்ததல்ல. 1852-ல் லண்டனில் யொஹானா வாக்னர் என்ற ஓபெரா பாடகி, இசையமைப்பாளர் வாக்னரின் அண்ணன் மகள், பெஞ்சமின் லம்லியின் அரங்கில் மூன்று மாதம் பாட ஒப்பந்தமாகியிருந்தார். வாரம் 100 பவுண்டு. வேறெங்கும் பாடமாட்டேன் என்றும் ஒரு வரி. போட்டி அரங்கமான கோவென்ட் கார்டன் அதிகப் பணம் காட்டியதும் அங்கே சாய்ந்தார். லம்லி வழக்குப் போட்டார். நீதிபதி சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: இவரை உன் அரங்கில் பாடவைக்க என்னால் முடியாது, ஆனால் வேறெங்கும் பாடாதே என்று தடுக்க முடியும். யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது, எதிராளியிடம் வேலை செய்வதை வேண்டுமானால் நிறுத்தி வைக்கலாம் என்ற கோட்பாடு அங்கிருந்துதான் தொடங்குகிறது. டியூக் கேட்டதும் இதையேதான், 174 வருடம் கழித்து.

லம்லி அதோடு விடவில்லை. பாடகியைக் கலைத்துக் கூட்டிக்கொண்டு போன போட்டி மேலாளர் மீதும் தனியாக ஒரு வழக்கு. இருவருக்கிடையே உள்ள ஒப்பந்தத்தைத் தெரிந்தே முறிக்கத் தூண்டுகிற மூன்றாம் ஆளும் பொறுப்பாளி என்று 1853-ல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2025 ஜூனில் மயாமி பல்கலைக்கழகத்தின் மீது தொடுத்திருக்கும் வழக்கின் பாட்டன் அதுதான். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் நாப் லாஜோய் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. பேஸ்பால் ஆட்டக்காரர். பிலடெல்பியா பில்லீஸ் அணியை விட்டு 1901-ல் அதே ஊரில் புதிதாக வந்த அத்லெடிக்ஸ் அணிக்குத் தாவினார். அந்த வருடம் அவருடைய மட்டையடி சராசரி .426. பழைய அணி வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தில் ஒரு கோணல் இருந்தது: அணி நினைத்தால் பத்து நாள் நோட்டீஸில் அவரை அனுப்பிவிடலாம், அவர் நினைத்தால் போக முடியாது. இது ஒருதலைப்பட்சம் என்று அவர் தரப்பு வாதாடியது. 1902-ல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இவருக்கு ஈடாக இன்னொருவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று தடையாணை கொடுத்தது. லாஜோய் என்ன செய்தார்? கிளீவ்லாந்து அணிக்குப் போனார். பென்சில்வேனியா நீதிமன்றத்தின் கை ஒஹையோ வரை நீளவில்லை. கிளீவ்லாந்து அணி பிலடெல்பியாவுக்கு ஆடப் போகும்போது மட்டும் இவர் போகமாட்டார். அந்த அணிக்குப் பின்னால் இவர் பெயரையே வைத்தார்கள், 'நாப்ஸ்' என்று.

மகனுக்கு இதைச் சொன்னபோது முதல்முறையாகச் சிரித்தான்.

தடையாணையில் கல்லூரிகளுக்குள்ள சிக்கல் இது. மாநிலம் மாறினால் நீதிமன்றமும் மாறும். பதினெட்டு இருபது வயதுப் பிள்ளையை ஒரு வருடம் ஆடாமல் உட்காரவைத்தால் அவனுடைய தொழிலே முடிந்துபோகலாம் என்று நீதிபதிகளும் தயங்குவார்கள். ஆகவே நடைமுறையில் உருப்படியான கேள்வி பணம் பற்றியது: போகிறவனிடமிருந்து எவ்வளவு பிடுங்கலாம்?

இதற்கு டேமன் வில்சன் விவகாரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தவர். 2024 டிசம்பரில் அங்கிருந்த கலெக்டிவோடு ஒப்பந்தம்: பதினான்கு மாதம், மொத்தம் 5 லட்சம் டாலர். மாதம் 30,000, அதோடு 40,000 வீதம் இரண்டு போனஸ். ஒரு மாதத் தொகை வாங்கியதுமே 2025 ஜனவரியில் மிசூரிக்குப் போய்விட்டார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் சங்கம் அவரிடம் கேட்பது 3,90,000 டாலர். பதிமூன்றை 30,000-ஆல் பெருக்கிப் பாருங்கள். அதாவது மீதிப் பதிமூன்று மாதத்துக்கு அவருக்கு அவர்கள் கொடுத்திருக்க வேண்டிய பணத்தை, இப்போது அவர் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்!

முதலில் இதைப் படித்தபோது ஏதோ அச்சுப்பிழை என்று நினைத்தேன். கொடுத்த 30,000-ஐத் திருப்பிக் கேட்டால் நியாயம். கொடுக்காததைத் திருப்பிக் கேட்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் சட்டத்தில் இதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஒப்பந்தம் முறிந்தால் எவ்வளவு நஷ்டம் என்று பின்னால் கணக்குப் போடுவது கடினம் என்றால், முன்கூட்டியே ஒரு தொகையை இருவரும் பேசி எழுதிக்கொள்ளலாம். அந்தத் தொகை நியாயமான மதிப்பீடாக இருந்தால் செல்லும். பயமுறுத்துவதற்காகப் போட்ட அபராதம் என்றால் செல்லாது. வழக்கெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு கிழிப்பது என்பதில்தான்.

கல்லூரி வக்கீல்கள் இதற்குக் கையில் எடுப்பது ஒரு பயிற்சியாளரின் வழக்கு. ஜெர்ரி டினார்டோ வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தை விட்டு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மீதமுள்ள வருடங்களின் சம்பளத்தைக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவு அபராதமல்ல என்று சொன்னது. பயிற்சியாளர் போவதால் புது ஆள் தேடும் செலவு மட்டுமா நஷ்டம்? ஆட்டக்காரர் சேர்க்கை, டிக்கெட் விற்பனை, நன்கொடை எல்லாம் அடிவாங்கும், அதை யார் துல்லியமாக அளக்க முடியும் என்பது நீதிமன்றத்தின் பார்வை. வாதம் வலுவானதுதான். ஆனால் டினார்டோ சம்பளக்காரர். அவர் ஒப்பந்தம் 'பயிற்சி கொடு' என்றது. பயிற்சி கொடுக்காமல் போனதன் நஷ்டத்தை அளந்தார்கள். வில்சனின் தாள் அவர் பெயரையும் உருவத்தையும் பற்றிப் பேசுகிறது. களத்தில் அவர் இல்லாத நஷ்டத்தைக் கேட்டால், பணம் களத்துக்காகத்தான் கொடுத்தோம் என்று ஒப்புக்கொண்டது போலாகிவிடும். விளம்பர நஷ்டம் மட்டும் என்றால், 3,90,000 டாலருக்கு அவர் முகத்தை வைத்து என்ன விற்பதாக இருந்தார்கள் என்று காட்ட வேண்டும். இரண்டு படகிலும் ஒவ்வொரு கால் வைத்து நிற்கிறார்கள். வில்சன் சும்மா இருக்கவில்லை; 2025 டிசம்பரில் மிசூரியில் அவரே எதிர்வழக்குப் போட்டார்.

பயிற்சியாளர்கள் விஷயத்தில் இன்னொன்று. அவர்கள் மாறும்போது கட்ட வேண்டிய தொகையில் பெரும்பங்கைப் புது முதலாளியே கட்டிவிடுவதுண்டு. ரிச் ரோட்ரிகஸ் மேற்கு வர்ஜீனியாவை விட்டு மிச்சிகனுக்குப் போனபோது 40 லட்சம் டாலரில் 25 லட்சத்தை மிச்சிகன் ஏற்றுக்கொண்டது. ஆட்டக்காரர் ஒப்பந்தங்களும் அந்தத் திசையில்தான் போகும் என்று நினைக்கிறேன். ஐரோப்பியக் கால்பந்தில் கிளப் மாறும்போது கட்டும் தொகை மாதிரி. அங்கே 1995-ல் போஸ்மன் தீர்ப்பு வந்து, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனுக்கு விலை கேட்கக் கூடாது என்றானது. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போது கேட்கலாம். ஆனால் அங்கே ஆட்டக்காரன் ஊழியன் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

இப்போது விஸ்கான்சின். சேவியர் லூகஸ் என்ற பின்கள ஆட்டக்காரர் 2024 டிசம்பரில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். சில வாரத்தில் ஊர்ப்பக்கம், புளோரிடாவுக்கே போகிறேன் என்று போர்ட்டலில் பெயர் போடச் சொன்னார். விதிப்படி கல்லூரிதான் பெயரைப் பதிய வேண்டும். விஸ்கான்சின் மறுத்துவிட்டது. ஒப்பந்தம் இருக்கிறதே, எப்படிப் பதிவது என்றது.

இதைப் படித்தபோதுதான் என் மார்க் ஷீட்டுகள் கண் முன்னால் வந்தன. நான் ராஜினாமா கொடுத்த அன்று நிறுவனம் வழக்கெல்லாம் போடவில்லை. எனக்கு வேண்டிய காகிதத்தைத் தராமல் உட்கார்ந்துகொண்டது. புது வேலையில் அசல் சர்ட்டிஃபிகேட் காட்டச் சொன்னார்கள். அப்பாவுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் போனது, ஜாமீன்தாரர் என்று. அவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா போனில் சொன்னாள். நீதிமன்றத்துக்குப் போனால் ஒரு லட்சம் கிடைக்குமா? கிடைத்திருக்காது என்றே அன்று ஒரு வக்கீல் நண்பர் சொன்னார்: இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆவது பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்புதான், நியாயமான இழப்பீடு எதுவோ அதுதான் கிடைக்கும், உனக்கு அவர்கள் பயிற்சி என்று கொடுத்தது இரண்டு வாரம். சட்டம் என் பக்கம் என்று தெரிந்தும் நாற்பதாயிரம் கட்டிவிட்டு வந்தேன். (2025 மே மாதம் நம் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட பாண்ட் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆள் எடுக்கப் பொதுப்பணம் செலவாகிறது என்பது காரணம். ஒரு பொதுத்துறை வங்கிக்கு அது சரியாக இருக்கலாம்.)

லூகஸ் என்னைவிடத் தைரியசாலி. போர்ட்டலே வேண்டாம் என்று விஸ்கான்சினிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு, சாதாரண மாணவனாக மயாமியில் போய்ச் சேர்ந்துவிட்டார். போர்ட்டலில் இல்லாதவர் வேறு கல்லூரியில் சேர்ந்து ஆடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை என்று என்.சி.ஏ.ஏ.வும் சொல்லிவிட்டது. ஆளைப் பிடிக்க முடியாத விஸ்கான்சின், ஆளைக் கூட்டிப்போனதாக மயாமி மீது பாய்ந்தது. கல்லூரி மீது கல்லூரி போட்ட வழக்கு. எங்கள் ஆளைத் தெரிந்தே கலைத்தீர்கள் என்பது குற்றச்சாட்டு. லம்லியின் வாரிசுகள்.

ஓடுவது ஆட்டக்காரர்கள் மட்டும்தான் என்று மகன் நினைத்துக்கொண்டிருந்தான். ஜேடன் ரஷாடாவைப் பற்றிச் சொன்னேன். புளோரிடா பல்கலைக்கழகத்துக்கு வருவதற்காக 2022-ல் 1.385 கோடி டாலர் ஒப்பந்தம். பணம் வருவதற்குள் கலெக்டிவ் அதை ரத்து செய்துவிட்டது. 2024 மே மாதம் அவர் பயிற்சியாளர் மீதும் ஒரு பெரும் நன்கொடையாளர் மீதும் மோசடி வழக்குப் போட்டார். அதே வருடம் செப்டம்பரில் மேத்யூ ஸ்லுகா, லாஸ் வேகஸில் இருக்கும் நெவாடா பல்கலைக்கழக அணி (யு.என்.எல்.வி.) முதல் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்த நிலையில், வாய்மொழியாகச் சொன்ன 1,00,000 டாலர் வரவில்லை என்று சீசன் நடுவிலேயே விலகினார். வாய்ப் பேச்சை நம்பிய கதை. தாள் இருந்தால் கல்லூரிக்குப் பலம், இல்லாவிட்டால் பையனுக்கு நஷ்டம்.

அதே 2026 ஜனவரியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் டெமண்ட் வில்லியம்ஸ் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சில நாளில் போகிறேன் என்றார். கல்லூரி சட்ட நடவடிக்கை என்று முறைத்தது. இரண்டு நாளில் இருக்கிறேன் என்றார். எந்த நீதிபதியும் எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனையும் படித்தபின் எனக்குத் தோன்றுவது, இந்தத் தாள்கள் நீதிமன்றத்தில் ஜெயிக்க எழுதப்படுவதே இல்லை. எங்கே பார்த்தாலும் கடைசியில் சமரசம், அல்லது பயந்து திரும்புதல். அப்பா மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாரே, அதற்காக எழுதப்பட்டவை.

"அப்போ யார் பண்ணது தப்பு?" என்றான் மகன்.

"காசு வாங்கியிருந்தா வாங்கின காசைத் திருப்பிக் கொடுக்கணும். போகக் கூடாதுன்னு சொல்லணும்னா, நீ எங்க வேலைக்காரன்னு எழுதிச் சம்பளம் கொடுக்கணும்" என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. டியூக் ரசிகன். சீசன் டிக்கெட் வேறு கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கொஞ்ச நேரம் கழித்து, "உங்க சர்ட்டிஃபிகேட்டை அந்தக் கம்பெனி திருப்பிக் கொடுத்துச்சா?" என்றான்.

கொடுத்தது. மாடியில் ஒரு பெட்டியில் இருக்கிறது, எடுத்துக் காட்டினேன். பாதுகாப்பாக இருக்கும் என்று வாங்கி வைத்தவர்கள் அதை ஒரு ஃபைலில் கோத்து வைத்திருந்தார்கள் போல. பன்னிரண்டாவது மார்க் ஷீட்டின் ஓரத்தில் இரண்டு துளை. ஒன்று சரியாக என் பிறந்த தேதியின் மேல்.